ரோலர் ரோட்டின் மகிமை

நாட்டில் ரோடு போட்டுப் புகழடைந்த ரோலர்கள் ஆயிரம் இருக்கலாம். ஒரு முழம் ரோடுகூடப் போடாமல் புகழின் உச்சிக்குப் போனது, அரிமளம் பக்கம் சின்னக்கரைப்பட்டியில் நிற்கும் ரோலர் ஒன்றுதான். ஏழு வருடத்துக்கு முன் பூமி பூசைக்கு வந்தது. மாலை, சந்தனம், போட்டோ எல்லாம் ஜோராக நடந்தன. ஜல்லி மட்டும் வரவில்லை.

அதனாலென்ன? பெயர் நிலைத்துவிட்டதே! அது நிற்கும் இடம் 'ரோலர் ஸ்டாப்'. எந்த பஸ்ஸும் அங்கே நின்றதில்லை என்பது வேறு விஷயம். கிரிக்கெட் அணி 'ரோலர் லெவன்'. கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் டீக்கடை மரியசெல்வம் 'ரோலர் அண்ணன்'. ஆதார் எடுக்க வந்தவர்கள் தெருப்பெயர் கேட்டபோது, ஊரே ஒரே குரலில் 'ரோலர் ரோடு' என்று சொல்லி எழுத வைத்தது. அப்படி முதலில் சொன்னவள் சொர்ணவல்லி. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

இப்போது அவள் மகள் ஹரிணிக்குப் புதுக்கோட்டையில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. தார் ரோடு போட்டால்தான் மினி பஸ் உள்ளே வரும்.

"பஸ் வரலைன்னா படிப்பு வேணாம். முந்திரிக்காட்டுல மூணு கிலோமீட்டர் பொம்பளப்புள்ள தனியா நடக்க வேணாம்" என்று புருசன் அய்யாக்கண்ணு ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

சொர்ணவல்லி கிராம சபையில் மனுவை நீட்டினாள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி வசந்தகுமார் கடமையே கண்ணானவர். ஜீப் பள்ளத்தில் இறங்காததால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்தே வந்து, சொர்ணவல்லியின் ஆதாரை வாங்கி ஆராய்ந்தார்.

"ரோலர் ரோடுன்னு நீங்களே குடுத்திருக்கீங்க. ரோடே இல்லாத எடத்துக்கு ரோடுன்னு பேரு வருமாம்மா?"

"இந்தா நிக்கிறீங்களே சார், இது ரோடா? கண்ணத் தொறந்து பாருங்க!"

"நான் பாக்குறது முக்கியமில்லைங்க. ரெக்கார்டு பேசணும்." ஃபைலைப் பக்தியோடு திறந்தார். "ஏழு வருசமா ரோலர் இங்க வேலையில இருக்குறதா இதுல இருக்கு. ரோடு போடலைன்னா, இத்தன நாளா அது எதைங்க நசுக்குச்சு?"

சொர்ணவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்களத்தான் சார். எழுதிக்கங்க."