சாப்பாடு தராத ஹோட்டலுக்கு இரண்டு நட்சத்திரம்

"ரெண்டு எண்டு போடு, பிள்ளை."

"ரெண்டா, பெரியப்பா? முந்தநாள்தானே அந்த ஹோட்டல்காரம்மாவின்ரை கையைப் பிடிச்சு, எங்கடை வீடு மாதிரி இருந்தது எண்டு சொன்னனீங்கள்?"

"அது முகத்துக்கு முன்னாலை. இது ரிவியூ."

"என்ன குறை எண்டு எழுதுறது?"

"சாப்பாடு தரேல்லை எண்டு எழுது."

"தந்தவைதானே?"

"தந்தவை. ஆனா தரேல்லை. நீ இங்கிலிசிலை வடிவா எழுது. கோவத்திலை எழுதின மாதிரி இருக்கக் கூடாது. மனம் நொந்து எழுதின மாதிரி இருக்கோணும்."

ரொறொன்ரோவுக்குப் பக்கத்து யூனியன்வில்லில், விநாயகமூர்த்தியின் சமையலறையில், அவர்கள் இத்தாலியிலிருந்து வந்திறங்கிய மறுநாள் காலை இந்தப் பேச்சு நடந்தது. மடிக்கணினிக்கு முன்னால் இருந்தவள் நிரூபா, அவருடைய மனைவி சந்திரவதனாவின் தங்கை மகள். அதிகம் பேசாதவள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நன்றாக எழுதுவாள். ஒரு குடும்பத்தில் இப்படி ஒருத்தி இருந்தால் அவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

விநாயகமூர்த்தி எந்த இனம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் நட்சத்திரக்காரர். ரொறொன்ரோவில் இந்த இனம் பெருகிவிட்டது. மல்வேர்னில் முடி வெட்டிக்கொண்டு எழும்பும்போது கண்ணாடியைப் பார்த்து "நல்லாயிருக்கு, தம்பி" என்று தோளில் தட்டிவிட்டு, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் மூன்று நட்சத்திரம் போடுகிறவர். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் தகப்பனிடம் "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டு, மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்துக்கு இரண்டு போடுகிறவர். சிம்கோ ஏரிக்கே நான்கு போட்டு, கரையில் நிழல் போதாது என்று ஏரிக்குப் புத்தி சொன்னவர். நேரில் குறை சொல்லமாட்டார். சொன்னால் அவர்களுடைய மனம் நோகும் அல்லவா? அதனால் உலகம் முழுவதும் படிக்கும்படி எழுதிவிடுவார்.

அந்த ஹோட்டலுக்கு வருவோம். வடக்கு இத்தாலியில் ஓர் ஏரி. கரையில் பதினொரு அறைகளுடன் ஒரு மஞ்சள் கட்டடம், பச்சை நிறச் சாளரக் கதவுகள், வாசலில் எலுமிச்சைத் தொட்டிகள். சமைப்பவர் கணவர், பரிமாறுபவர் மனைவி லூச்சியா, சாவி கொடுப்பதும் பெட்டி தூக்குவதும் மகள். விநாயகமூர்த்தி தம்பதியின் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் கொடுத்த ஐந்து இரவுகள். மொழிக்காக நிரூபாவும் அனுப்பப்பட்டாள்.

முதல் நாளே குறைகள் சேரத் தொடங்கின. காலையில் கேக் கொடுத்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குக் கேக் கொடுப்பவர்கள் பிறந்தநாளுக்கு என்னத்தைக் கொடுப்பார்கள்? கோப்பி, இருமல் மருந்து அளவில் வந்தது. கோயில் மணி கால்மணிக்கொருதரம் அடித்தது. இதையெல்லாம் விநாயகமூர்த்தி மன்னித்துவிட்டார். மன்னிக்க முடியாதது இரவுச் சாப்பாட்டில் நடந்தது.

லூச்சியா பெரிய தட்டொன்றில் பாஸ்தாவைக் கொண்டுவந்து ஆளுக்கு ஓர் அகப்பை வைத்தார். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் மறுபடி வந்து, "இன்னும் கொஞ்சம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விநாயகமூர்த்தி என்ன செய்தார்? வளர்ந்த முறைப்படி, இரண்டு கைகளாலும் சாப்பாட்டுக் கோப்பையை மூடி, தலையைப் பின்னால் இழுத்து, "நோ, நோ, காணும், காணும்" என்றார். சந்திரவதனாவும் மூடினார். லூச்சியா புன்னகைத்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போயே விட்டார்.

"இப்ப வருவா, பொறுங்கோ" என்றார் சந்திரவதனா.

இருவரும் சமையலறைக் கதவைப் பார்த்தபடி இருந்தார்கள். கதவு திறந்தது. மீன் வந்தது. மீனும் ஒரு துண்டு, ஒரு கேள்வி, ஒரு "நோ, நோ." பிறகு கதவு திறந்தபோது பழம் வந்தது. முதல்தரம் வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம்தரம் வேண்டாம் என்பது வழக்கம், மூன்றாம்தரம் கேட்பவர் கோப்பையிலேயே போட்டுவிடுவார், "ஐயோ, என்னத்துக்கு" என்றபடி சாப்பிட வேண்டியதுதான் என்று அந்த ஏரிக்கரையில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நிரூபா மட்டும் கோப்பையை நீட்டி, "யெஸ், பிளீஸ்" என்றாள். பெரியம்மா மேசைக்குக் கீழே காலால் தட்டினார்.

"என்ன பிள்ளை, பாக்கிறவை என்ன நினைப்பினம்? வீட்டிலை ஒண்டும் காணாதது எண்டெல்லோ நினைப்பினம்."

"இவை ஒருக்காத்தான் கேப்பினம், பெரியம்மா. வேணுமெண்டா வேணும் எண்டு சொல்லோணும்."

"மனிசர் எண்டா திருப்பிக் கேக்கத்தானே வேணும்?" என்றார் விநாயகமூர்த்தி, அவளுடைய கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

ஐந்து இரவும் இதுவே நடந்தது. அறைக்குப் போய், ஸ்காபரோவில் வாங்கிக்கொண்டுவந்த மிக்ஸரைப் பிரித்தார்கள். மூன்றாம் நாள் மிக்ஸர் முடிந்தது. நான்காம் நாள், பெட்டியில் மிஞ்சியிருந்த மொறுமொறு பருத்தித்துறை வடை ஆளுக்கு நான்கு என்று பங்கிடப்பட்டது. ஐந்தாம் நாள் விநாயகமூர்த்தி வாசலிலிருந்த எலுமிச்சம்பழங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புறப்படும்போது லூச்சியாவின் கையைப் பிடித்து, எங்கள் வீடு மாதிரி என்று சொல்லி, ஒரு போத்தல் மேப்பிள் இனிப்புப் பாணியும் கொடுத்தார்.

அந்த ஐந்து நாட்களில் நிரூபா மகளோடு கொஞ்சம் பழகியிருந்தாள். மகள் சாவிப் பலகைக்குப் பின்னாலிருந்து சொல்லியிருந்தாள்: எங்களுக்கு மொத்தம் முப்பத்தொரு விமர்சனம்தான், ஒரு கெட்டது வந்தால் தேடல் முடிவுகளின் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுவோம், இரண்டாம் பக்கத்துக்கு யாரும் வருவதில்லை, பிறகு குளிர்காலம் முடிந்து வசந்தத்தில் கதவைத் திறப்பதா என்று அப்பா யோசிப்பார். இதைத் தெரிந்துகொண்டேதான் நிரூபா எழுதினாள். பெரியப்பா சொல்லி மறுத்துப் பழக்கமில்லை. வேலையை மோசமாகச் செய்தும் பழக்கமில்லை. "ஐந்து இரவுகள் பசியோடு படுத்தோம்" என்ற அவளுடைய வரி மிக நன்றாக வந்திருந்தது. பதினேழு பேர் அதைப் பயனுள்ளது என்று குறித்தார்கள். ஹோட்டல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

பத்து நாள் கழித்து லூச்சியாவின் பதில் வந்தது. விநாயகமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி, "வாசி" என்றார். நிரூபா தமிழில் வாசித்தாள்.

"அன்புள்ள ஐயா, ஐந்து இரவும் நானே வந்து கேட்டேன். ஐந்து இரவும் நீங்கள் இரண்டு கைகளாலும் கோப்பையை மூடினீர்கள். சமையல் பிடிக்கவில்லையாக்கும் என்று என் கணவர் மூன்றாம் நாள் உப்பைக் குறைத்தார், நான்காம் நாள் கூட்டினார். உங்களுக்குப் பசி என்று தெரிந்திருந்தால் கதவைத் தட்டிக் கொடுத்திருப்பேன். நீங்களும் உங்கள் மனைவியும் வசந்தத்தில் மறுபடி வாருங்கள். எங்கள் விருந்தாளிகளாக வந்து, எங்களோடு சமையலறை மேசையிலேயே சாப்பிடுங்கள்."



"நீங்கள்தானே கோப்பையைப் பொத்தினனீங்கள்" என்றார் சந்திரவதனா.

"நீரும்தானே பொத்தினனீர்?"

"நீங்கள் வேண்டாமெண்டா நான் எப்பிடி வேணுமெண்டுறது? நாப்பது வருசமா உங்கடை மரியாதையாலை நானெல்லோ பசி கிடக்கிறன்."

விநாயகமூர்த்தி கண்ணாடியை மாட்டினார். பிறகு கழற்றினார்.

"பிள்ளை, உந்த ரெண்டை நாலாக்கு."

"சாப்பாடு தரேல்லை எண்ட வரி?"

"எடுத்துவிடு."

நிரூபா அவர் மனம் மாறுவதற்குள் இரண்டையும் செய்தாள். பெரியப்பா சொன்ன ஒரு வேலைக்கு அவளுடைய விரல்கள் முதல்தடவையாகத் தாமாகவே வேகமாக ஓடின.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில்லில் யாரோ உங்களிடம் ரோல்ஸ் தட்டை நீட்டியபோது, "இப்பத்தான் சாப்பிட்டிட்டு வந்தனான்" என்றீர்களே, சாப்பிட்டுவிட்டா போனீர்கள்? அவர்கள் தட்டை உடனே உள்ளே கொண்டுபோனதும், காரில் வரும்போது அந்த வீட்டைப் பற்றி என்ன பேசினீர்கள்? எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள்?

அழைப்புக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. வசந்தத்தில் வருவதாக எழுதட்டுமா என்று நிரூபா கேட்டாள். விநாயகமூர்த்தி வெளியே பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி நிரூபாவிடம் ஓர் உதவி கேட்டார்.

"வேண்டாம், உங்களுக்கு என்னத்துக்குக் கரைச்சல் எண்டு எழுது, பிள்ளை. ஆனா அவ இன்னும் ரெண்டுதரம் கேக்கிற மாதிரி எழுது."