சகலை வீட்டுக் கோணம்

"கீழ எவ்வளவு இருக்கு, சரியாப் பாத்துச் சொல்லு" என்று மொட்டை மாடியிலிருந்து குரல் கொடுத்தார் குறையண்ணன். இரண்டு வீடுகளுக்கும் நடுவிலிருந்த சந்தில் டேப்போடு குனிந்திருந்த மனைவி, மூன்றடி என்றாள். அவர் மாடியில் தன் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்து பார்த்தார். இரண்டடிதான் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்து பல நாளாகியிருந்தது.

குறையண்ணன் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். தணிக்கைப் பிரிவில் அதிகாரி. அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்க அங்கே சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்தார். அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று தச்சரோடு சண்டை. குளியலறைத் தண்ணீர் ஒரு மூலையிலேயே தேங்குகிறது என்று தரை போட்டவரோடு சண்டை. இப்போது சகலையின் முறை.

சகலை என்றால் மனைவியின் தங்கை புருஷன். பக்கத்து மனையில் புது வீடு கட்டிக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே இருந்ததில் அக்காவுக்கும் தங்கைக்கும் தலைகால் புரியவில்லை. சந்தின் குறுக்கே கிண்ணங்களும் வம்பும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆனால் வருகிறவர் போகிறவரெல்லாம் அந்த வீட்டைப் புகழப் புகழ, குறையண்ணனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு சந்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் இடைவெளி மேலே போகப் போகக் குறுகுவது கண்ணில் பட்டது. சகலை வீடு தன் வீட்டின் மேல் சாய்கிறது என்று முடிவு கட்டினார். எத்தனை டிகிரி என்பதுதான் பாக்கி.

முக்கோணவியலில் அவர் தட்டுத்தடுமாறித் தேறியவர். அது யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷம் மேதாவியாக உலவினார். இருபதடி உயரத்துக்கு ஓரடி சாய்வு. ஒன்றை இருபதால் வகுத்தால் 0.05. அதுதான் டேன் மதிப்பு. அதுவரைக்கும் தப்பில்லை. இனி அந்த டேனுக்குரிய கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். போனில் கால்குலேட்டரைத் திறந்தார். டேன் என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆராயாமல் அமுக்கினார். வரிசையாகப் பூஜ்யங்கள் வந்தன. சாய்வே இல்லை என்று போன் சொன்னதாக எடுத்துக்கொண்டு அதையும் திட்டினார்.

பிறகு டேனுக்கு மேலே சின்னதாக மைனஸ் ஒன்று போட்டிருந்த இன்னொரு பொத்தானைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த உற்சாகத்தில் கணக்கைத் தலைகீழாகப் போட்டு, இருபதை ஒன்றால் வகுத்து அமுக்கினார். எண்பத்தேழு டிகிரி. செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே சகலையின் நண்பர்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சகலை, உங்க வீடு எண்பத்தேழு டிகிரி சாய்ஞ்சிருக்கு."

சகலை டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார். "தொண்ணூறு சாய்ஞ்சா வீடு தரையில படுத்துடும். அப்போ நாம இப்ப சுவத்து மேலயா உக்காந்திருக்கோம்?"

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். குறையண்ணன் வீடு திரும்பும்போது காது மடல் சிவந்திருந்தது.

விஷயம் தெருவெல்லாம் பரவியதும் மனைவிக்குத்தான் மானம் போயிற்று. அவள் கல்யாணத்துக்கு முன் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். அவர் அதை ஒரு நாளும் விசாரித்ததில்லை. போனைப் பிடுங்கி, செங்கோணம் எந்தச் சுவரில், அதாவது நேராக நிற்பது எந்தச் சுவர் என்று கேட்டாள். நம்ம சுவரில்தான், பின்னே என்ன என்றார்.

"அப்போ கோணத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு அடி. அடுத்த பக்கம் இருபது அடி. எதிரே இருக்கறதை அடுத்து இருக்கறதால வகுத்துட்டு, அப்புறம் இந்த மைனஸ் ஒண்ணு பொத்தானை அமுக்கணும். இந்தாங்க, மூணு டிகிரிகூட இல்ல. இத்தோட விட்டுடுங்க."

சின்ன எண்ணைக் காட்டினால் அடங்கிவிடுவார் என்று பாவம், நினைத்துவிட்டாள். அவரோ சரியான விடை கையில் கிடைத்ததும் நேரே நகராட்சிக்குப் போனார். பக்கத்து வீடு ஏறத்தாழ மூன்று டிகிரி சாய்ந்து தம் உயிருக்கு ஆபத்தாக இருப்பதாகவும், சாய்ந்த வீட்டை உடனே காலி செய்து இடிக்க வேண்டும் என்றும் மனு கொடுத்தார்.

மறுநாளே எதிர் ஜன்னல் சாத்திக்கொண்டது. அக்கா கூப்பிட்டால் தங்கை பதில் சொல்வதில்லை. வீடு கட்டியவரையே கூட்டி வந்து காட்டுகிறேன் என்று சகலை இறங்கி வந்தார். திருடனையே சாட்சிக்குக் கூப்பிடுவதா என்று குறையண்ணன் வாசலோடு திருப்பி அனுப்பினார். மனைவிக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. அழுது அழுது கண் வீங்கியதுதான் மிச்சம்.

"அவ என் தங்கச்சி. அவளைக் குழந்தை குட்டியோட தெருவுல நிறுத்திட்டு நீங்க என்ன சாதிக்கப் போறீங்க?"

"சாய்ஞ்ச வீட்டுல சொந்தம் பாக்கக் கூடாது" என்றார். சொல்லும்போது அவருக்கே தன் நேர்மை பெருமையாக இருந்தது.

நகராட்சிப் பொறியாளர் முக்காலியில் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தெருவே கூடிவிட்டது. அவர் சந்தின் இந்தக் கோடியில் நின்று பார்த்தார், அந்தக் கோடியில் நின்று பார்த்தார், இரண்டு மாடியிலும் ஏறி இறங்கினார். குறையண்ணன் அவர் பின்னாலேயே நடந்து தன் கணக்கை ஒப்பித்தார். பொறியாளரும் அவர் போட்ட கோணம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். மச்சினி படியில் உட்கார்ந்து விசும்பினாள். ஜன்னல் சாத்தியதற்குப் பிறகு முதல் தடவையாக மனைவி சந்தைத் தாண்டிப் போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குறையண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. சாய்ந்த வீட்டுக்காரருக்கு அவகாசம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள், யார் கெஞ்சினாலும் இரங்காதீர்கள், இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்று பொறியாளரை நெருக்கினார். அவரும் சலிப்போடு வீட்டைக் காலி செய்யும் உத்தரவை எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குறையண்ணன் எல்லோர் எதிரிலும் சகலையிடம் கொடுத்தார்.

"அவர்கிட்ட ஏன் சார் குடுக்கறீங்க?" என்றார் பொறியாளர். "அவர் சுவர் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது, உங்க வீடுதான் அது மேல சாயுது."