புகைபோக்கி இழுக்கிறது, நீ வரலாம்

பாபநாசம் அருகிலிருந்து,
தை 28.

பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்துச் சிறப்புடன் விளங்கும் என் மைத்துனர் திரு. மணிவண்ணன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் உத்திராபதி எழுதிக்கொண்டது.

இவ்விடம் அனைவரும் நலம் என்று முதல் வரியிலேயே பொய் எழுத மனமில்லை. அனைவரும் என்று சொல்ல இவ்விடம் இருப்பது நான் ஒருவன், நலமும் சுமார்தான். அவ்விடம் தாங்களும், தங்கள் துணைவியாரும், பிள்ளைகளும், மண்டியில் இருக்கும் தேங்காய்களும் சௌக்கியம்தானா என்று அறிய ஆசை. தாங்கள் என் போனை எடுப்பதில்லை. பொங்கலன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாழ்த்துக்கு இருபத்தெட்டு நாளாக ஒற்றை டிக்கே நிற்கிறது. ஆகவே கையெழுத்துப் போட்டு வாங்கும் தபாலில் இதை அனுப்புகிறேன். தாங்கள் படிக்காமல் கிழித்துப் போட்டாலும், வாங்கினீர்கள் என்ற செய்தியாவது எனக்கு வந்து சேரும்.

மணிவண்ணா, தாங்கள் கீங்கள் என்று எழுதினால் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுவதுபோல் இருக்கிறது. என் கல்யாணத்தில் உனக்குப் பத்து வயது, என் மடியில் உட்கார்ந்து மாலையைப் பிய்த்தவன் நீ. நீ என்றே எழுதுகிறேன். போன மாசியில், உன் அக்கா செந்தாமரையின் பதினாறாம் நாள் காரியத்தன்று, இலையில் சோறு விழுந்த பிறகு நீ என்னைப் பார்த்து, "அத்தான், அக்கா ஒங்ககிட்ட நகையா கேட்டுச்சு? ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. கொட்டகை அடுப்புக்கு ஒரு பொகைபோக்கி. அதக்கூட நீங்க வச்சுக் குடுக்கல" என்றாய். நான், "எப்படா கேட்டா? எங்காது கேக்க ஒருநாள் கேட்டிருப்பாளா?" என்று பந்தலே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நீ சாப்பிடாமல் எழுந்து போனவன்தான், இந்தப் பக்கம் வரவில்லை. இன்றைக்கும் நான் அதையேதான் சொல்கிறேன். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்யாமல் இருந்திருப்பேனா? முப்பத்துமூன்று வருஷம், வருஷம் தவறாமல், வெப்பச்சலனம் பாடத்துக்குக் கரும்பலகையில் புகைக்கூண்டு படம் வரைந்தவன் நான். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும் என்று என்னிடம் படித்த பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்.

வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருந்தது உனக்குத் தெரியும். ஆனால் கொல்லைத் தகரக் கொட்டகையில் அவள் நடத்திய சீர்ப் பலகார வேலைக்கு, அந்தப் பெரிய இரும்புச் சட்டிக்கு, விறகுதான் சரிப்பட்டது. இருபத்தாறு வருஷம். வலங்கைமான் வரைக்கும் கல்யாணம், வளைகாப்பு எதுவானாலும் அவள் முறுக்கும் அதிரசமும் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "இவங்க பீடி, சிகரெட் எதுவும் பிடிப்பாங்களா?" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலைகூடப் போடாதவள். "அப்ப வெறகு அடுப்பா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை வருஷம்?" சொன்னேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது, விடைத்தாளில் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்துபோகும்போது நான் ஆட்டுவது.

இப்போது கொட்டகையைத் தங்கம்மாள் நடத்துகிறாள். உன் அக்காவுடன் முதல் நாளிலிருந்து மாவு பிசைந்தவள். அவளுக்கும் இருமல் வந்துவிட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியும், மணிவண்ணா. முதலில் ஒற்றையாக வரும், பிறகு இரட்டையாக வரும், பிறகு பேச்சில் மூச்சு விடும் இடத்திலெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டுக்கொண்டு என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஆகவே புகைபோக்கி வைத்துவிடுவது என்று தை பிறந்ததும் முடிவு செய்தேன். அதன் விவரம் கீழ்க்கண்டவாறு.

வெல்டிங் பட்டறை மீரா உசேனைக் கூப்பிட்டேன். என் பழைய மாணவர், ஐம்பது வயதாகிறது, பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சையில் இயற்பியலுக்கு நான் பதினேழு மார்க் கொடுத்தது அவருக்கும் மறக்கவில்லை, எனக்கும் மறக்கவில்லை. வந்தவர் அண்ணாந்து பார்த்து, "கூரைய அறுத்துட்டு நேரா மேல கொண்டு போயிடுவோம் சார்" என்றார். கூரையில் கை வைக்காதே, ஐப்பசி மழைக்கு ஒழுகும் என்றேன். "இல்ல சார், பொக வந்து..." என்று ஆரம்பித்தார். எனக்கேவா என்று ஒரு பார்வை பார்த்தேன், வாயை மூடிக்கொண்டார். என் உத்தரவுப்படி குழாய் அடுப்பிலிருந்து கிளம்பி, சுவரை நோக்கி ஒரு வளைவு வளைந்து, சுவருக்கு வெளியே இன்னொரு வளைவு வளைந்து, தாழ்வாரத்துக்குக் கீழேயே நின்றது. புகையும், தாலுகா ஆபீஸில் இந்த ஜன்னலுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போ என்று விரட்டப்பட்ட ஆள் மாதிரி, முதல் வளைவில் தயங்கி, இரண்டாவது வளைவில் மனம் மாறி, வந்த வழியே திரும்பிவிட்டது. போதாததற்கு வெளியே வாடைக்காற்று நேராகக் குழாய்க்குள் ஊதியது. அன்றைக்குச் சுட்டது ஒரு வளைகாப்புக்கான முறுக்கு. மறுநாள் அந்த வீட்டு அம்மாள் போன் செய்து, "ஏங்க, முறுக்குதானே கேட்டோம்? கருவாடு மாரி வாசம் வருதே, புள்ளத்தாச்சிக்குக் கொமட்டுதுங்க" என்றார். இருபத்தாறு வருஷத்தில் உன் அக்கா கேட்டிராத பேச்சு.

சரி, கூரையை அறுக்கலாம் என்று இறங்கி வந்தேன். மேலே ஏறிய மீரா உசேன், "சார், இங்க ஏற்கெனவே வட்டமா அறுத்து, மேல ஒரு தகரத்த வச்சுத் தார் பூசி மூடியிருக்கே, அதையே எடுத்துட்டுக் கொழாய விடவா?" என்று கத்தினார். பழைய கொட்டகை, ஏதாவது இருக்கும், எடு என்றேன். அது கிடக்கட்டும். இந்தத் தடவை நேர்க்குழாய். ஆனால் அகலம் ஓரடி இருக்கட்டும் என்றேன், வழி தாராளமாக இருந்தால் புகையும் தாராளமாகப் போகும் என்பது என் கணிப்பு. உயரம் நான்கடி, அதற்கு மேல் போனால் பார்க்க ரைஸ் மில் மாதிரி இருக்கும் என்று குறைத்துவிட்டேன். என்ன ஆயிற்று என்றால், அவ்வளவு பெரிய குழாய்க்குள் அவ்வளவு கொஞ்சம் புகை போனதும் பாதி வழியிலேயே ஆறிப்போய், மேலே ஏறத் தெம்பில்லாமல் அப்படியே நின்றுவிட்டது. குழாயின் வாய் நம் வீட்டு ஓட்டு முகட்டைவிடத் தாழ்வு வேறு. முகட்டைத் தாண்டி வந்த காற்று அங்கே குப்புற விழுந்து, நின்ற புகையையும் கீழே தள்ளியது. தங்கம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "வாத்தியாரய்யா, முன்னாடியாச்சும் பொக ஒரு பக்கமாப் போவும், நாங்க இந்தப் பக்கம் ஒதுங்கி ஒக்காந்துக்குவோம். இப்ப எந்தப் பக்கம் வரும்னே தெரியலீங்களே!"

மீரா உசேன் என்ன சொன்னார் தெரியுமா? "சார், கொஞ்சத் தண்ணிதான் வருதுன்னா வாய்க்கால அகலமா வெட்டுவாங்களா? அகலமா வெட்டுனா தண்ணி பரவி நின்னுரும். குறுக்கி வெட்டுனாத்தான் கடமடைக்கு ஓடும். பொகையும் அப்படித்தான சார்?" மணிவண்ணா, என் முப்பத்துமூன்று வருஷப் பாடத்தில் இந்த ஒரு வாக்கியம் இல்லை. பதினேழு மார்க்கை அவர் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது தடவை நான் வாயே திறக்கவில்லை. ஆறங்குலக் குழாய், வளைவு இல்லை, வீட்டு முகட்டுக்கு மேல் மூன்றடி உயரம், மூட்டுகளில் காற்று புகாமல் களிமண் பூச்சு, அடுப்பு வாயும் விறகு நுழையும் அளவுக்குக் குறுக்கியாயிற்று. மழைக்கு மேலே ஒரு மூடி வேண்டும், குழாய்க்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு. அதை மட்டும் பட்டறையில் கரண்ட் இல்லாததால் பிறகு கொண்டுவருகிறேன் என்று போனார். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, புது அடுப்புக்குப் பால் காய்ச்ச அக்கம்பக்கத்தை அழைத்தேன். மூட்டியதுதான் தாமதம், புகை மொத்தமும் அடுப்பு வாய் வழியாகவே வெளியே வந்து வாழ்த்த வந்தவர்கள் முகத்தில் அடித்தது. பால் பொங்கியதை யாரும் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். எனக்கு அவமானம் ஒரு பக்கம், தங்கம்மாளின் இருமல் ஒரு பக்கம். மூன்று நாள் பழைய கரும்பலகையை எடுத்து வைத்துக்கொண்டு உயரம், அகலம், உள் வெப்பம், வெளி வெப்பம் என்று கணக்குப் போட்டேன். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அது இழுத்தாக வேண்டும்.

நான்காம் நாள் மூடியோடு வந்து கூரை ஏறிய மீரா உசேன் அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். குழாய் உச்சியில் ஒரு சட்டி. சுண்ணாம்பு அடித்து, கறுப்பும் சிவப்புமாகப் பொட்டு வைத்த திருஷ்டிச் சட்டி. பால் காய்ச்சுவதற்கு முன்பே, தேங்காய் பறிக்க வந்தவரை ஏற்றிவிட்டுத் தங்கம்மாள் வைத்த வேலை. மூன்று நாளாகக் கீழேயிருந்து பார்த்து, மீரா உசேன் எப்போதோ மூடியை மாட்டிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணில் புரை, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். "ஊரே வந்து வாயப் பொளந்து பாத்துட்டுப் போவுது, கண்ணு படாதுங்களா?" என்றாள் தங்கம்மாள். "அதுக்குக் கொழாய மூடிடுவியா?" என்றேன். "மூடலீங்கய்யா, கவுத்துதான் வச்சேன்" என்றாள்.

சட்டியை எடுத்தார்கள். பனிக்காலத்துக் காலை, குழாய் சில்லென்று இருந்தது. அதனால் முதலில் ஒரு கை வைக்கோலைக் கொளுத்திக் குழாயடியில் பிடித்துச் சூடாக்கச் சொன்னார் மீரா உசேன். பிறகு விறகை மூட்டியதும் குழாய்க்குள் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. ஜ்வாலை முன்னால் வராமல் பின்பக்கமாகச் சாய்ந்தது. கொட்டகைக்குள் பொட்டுப் புகை இல்லை. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன், நேராக எழும்பித் தென்னைக்கு மேலே போய்க் கரைந்தது. தங்கம்மாள் முறுக்கு அச்சைப் பிடித்தபடி, "அக்கா இருந்து பாத்திருக்கணும்ங்க" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. இந்த ஒரு வருஷமாக அந்தக் கொட்டகையில் போய் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வேன், யாராவது கேட்டால் புகை என்று சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்லவும் வழியில்லை.

தங்கம்மாளுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இதெல்லாம் உனக்கு எதற்கு என்றால், மாசி பதினாலு வெள்ளிக்கிழமை உன் அக்காவுக்குத் தலைத்திவசம். பிறந்த வீட்டுச் சேலை வைத்துத்தான் படைக்க வேண்டும், அதை நான் கடையில் வாங்கி வைத்தால் ஆகாது. மயில் கழுத்து நிறத்தில் எடு, அவளுக்கு அதுதான் பிடிக்கும். படையல் அதிரசம் புது அடுப்பில்தான். புகைபோக்கி வைத்தாயிற்று, அவள் கேட்காமலே வைத்தாயிற்று. இனி உனக்கு என்மேல் என்ன கோபம்? வந்து ஒரு வாய் சாப்பிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், முக்கியமாக இயற்பியல். மண்டி நிறையட்டும். எல்லோரும் நெடுநாள் நல்ல மூச்சோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்
உத்திராபதி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது மீரா உசேன் வந்தார். கூரையில் ஓட்டையை மூடியிருந்த அந்தப் பழைய தகரத்தைத் தார் சுரண்டிக் கழுவி எடுத்து வந்திருந்தார். "நம்ம ஸ்கூல் போர்டு சார், ஒங்களுக்கு ஞாபகமா இருக்கட்டுமேன்னு" என்றார். 'இயற்பியல் ஆய்வகம். காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதியிருக்கிறது. புதுப் போர்டு வந்தபோது பழையதைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். அவர் போன பிறகு தங்கம்மாளிடம் காட்டினேன். "தெரியும்ங்க, தார் சட்டிய நாந்தானே தூக்கிக் குடுத்தேன்" என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலீங்களே" என்றாள்.

மணிவண்ணா, நீ சொன்னதுதான் சரி. அவள் கேட்டாள். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, நான் விடைத்தாள் திருத்தத் தஞ்சாவூர் போயிருந்த எட்டு நாளில் அவளே ஆள் வைத்துக் கூரையை அறுத்துவிட்டாள். குழாய் மட்டும்தான் பாக்கி. நான் வந்து, என்னைக் கேட்காமல் எப்படி அறுக்கலாம் என்று கத்தினேன். பெரிய லீவில் நானே கணக்குப் போட்டு முறையாக வைத்துத் தருகிறேன் என்று சொல்லி, ஏணி போட்டு ஏறி, அந்தப் போர்டை வைத்து மூடினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ லீவு வந்தது. அவள் கேட்கவில்லை. ஒரு வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த 'கேட்கவில்லை' இதுதான். அன்றைக்கு மீரா உசேன் கூரை மேலேயிருந்து கத்தியபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கிடக்கட்டும் என்று எழுதிவிட்டேன்.

மேலே எழுதியதில் குழாயின் அளவுகள் மட்டும் உண்மை. மற்றதை நீ நம்ப வேண்டாம். சாப்பிட வராவிட்டாலும் திட்டவாவது வா, இந்தத் தடவை நான் பதில் பேச மாட்டேன். மயில் கழுத்து என்று வேறு எழுதியிருக்கிறேன். அவள் அதை எப்போது சொன்னாள் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சேலையை நீயே பார்த்து எடு.