பக்கிரிசாமியின் தோளில் வீரம்மாவின் கால்

தலையே போனாலும் உண்மையைச் சொல்வதில்லை என்ற முடிவோடுதான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் படியேறினார் கணக்கெழுதும் கிராணி பக்கிரிசாமி. போனது தலையல்ல, வலது தோள். பாடாங் மைதானத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது மளுக்கென்று ஒரு சத்தம். எலும்பு குழியை விட்டு நழுவிவிட்டது. கோல் விழவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

இனிப் பந்தாட்டம் கிடையாது என்று போன வருஷம்தான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். மீறினால் கிள்ளானில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சீதாலெட்சுமி அன்றே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டில் ஒரு பொழுதுகூட இருக்க முடியாது என்பது மனுஷனுக்கு நன்றாகவே தெரியும். அதை அவளிடம் சொல்லத்தான் வெட்கம். டிஸ்பென்சரியில் கட்டுப்போடும் டிரஸர் நாகையாவிடம் ஓடலாம் என்றால், அவர் பெண்டாட்டியும் சீதாவும் உயிர்த்தோழிகள். ஆகவே இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொள்வது, நாளைக்கு யாருக்கும் தெரியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு நழுவுவது. இதுதான் திட்டம்.

"சாவு வீட்டுக்குப் போறேன்னு போனீங்க. ஏன் கையை ஏந்திக்கிட்டு வரீங்க?"

"படியில வழுக்கிருச்சு. சுளுக்கு."

சீதாலெட்சுமி சட்டையை விலக்கிப் பார்த்தாள். உருண்டையாக இருக்க வேண்டிய தோள் தட்டையாகக் கிடந்தது.

"சுளுக்குன்னா வீங்கும், வலிக்கும், ஆனாலும் கை கொஞ்சம் அசையுமே. எங்க, இந்தக் கையால அந்தத் தோளைத் தொடுங்க."

தொடப் பார்த்தார். கண்ணில் நீர்தான் வந்தது.

"கொஞ்சம் பெரிய சுளுக்கு."

"மூட்டு பிசகியிருந்தா?"

"சுளுக்குதான்னு சொல்றேன்லா!"

"அப்ப கவலையே இல்ல" என்றவள், பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வீரம்மாக்கா! கொஞ்சம் வாங்க, சுளுக்கு மிதிக்கணும்!"

அடுத்த வீட்டு வீரம்மா இரட்டைப் பிள்ளை பெற்றவள். அப்படிப்பட்டவள் மிதித்தால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிவிடும் என்று அந்த லயன் வீடுகள் முழுக்க நம்பிக்கை. அவள் நடந்து வந்தாலே அலமாரியில் டம்ளர்கள் பேசிக்கொள்ளும்.

பாயில் குப்புறப் படுக்க வைத்தார்கள். வீரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"எந்த இடம்ண்ணே?"

"வலி... வலி போயிருச்சுக்கா."

"மிதிச்சாத்தான் முழுசாப் போகும்" என்றாள் சீதாலெட்சுமி.

குதிகால் தோளில் பட்டது. இன்னும் பாரம் இறங்கவில்லை. இடம் மாறிய எலும்பின்மேல் இந்த உடம்பு ஏறினால் நரம்பு அறுந்துவிடும், கை தொங்கிவிடும். பேனா பிடிக்கிற கை! உண்மையைச் சொன்னால் சீதா போய்விடுவாள். சொல்லாவிட்டால் கை போய்விடும். பக்கிரிசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. நிஜமாகவே பயந்துவிட்டார்.

"முருகான்னு சொல்லிக்கிட்டு மிதிங்கக்கா" என்றாள் சீதாலெட்சுமி.

"நிறுத்துங்க! சுளுக்கு இல்ல! மூட்டு விலகிருச்சு!"

"படியில வழுக்கினதுக்கா?"

குதிகால் சற்றே அழுத்தியது.

"படியும் இல்ல, சாவும் இல்ல! பாடாங்! நான்தான் கோல்கீப்பர்! காலை எடுங்கக்கா!"

கால் எடுக்கப்பட்டது. சீதாலெட்சுமி சமையலறைப் பக்கம் திரும்பினாள். "டிரஸரய்யா, காப்பி குடிச்சாச்சுன்னா வாங்க."

வாயைத் துடைத்துக்கொண்டு நாகையா வெளியே வந்தார். "ஆட்டம் முடிஞ்சதும், தோள்ல அடிபட்ட உங்களைக் காணோம்னு உங்க டீம் ஆளுங்க என்கிட்ட ஓடி வந்தாங்க, கிராணியாரே. நேரா இங்க வந்துட்டேன்." மல்லாக்கப் படுக்க வைத்து, வெடுக்கென்று இழுக்காமல், கையை மெல்ல மெல்ல நீட்டிக்கொண்டே போனார். டொக்கென்று எலும்பு குழிக்குள் விழுந்தது. கையை மடக்கிக் கழுத்தோடு தூளி கட்டினார்.

"நெசமாவே மிதிச்சிருப்பீங்களாக்கா?" என்றார் பக்கிரிசாமி ஈனசுரத்தில்.

"காலை மட்டும் வைக்கச் சொல்லித்தாண்ணே உத்தரவு" என்று வீரம்மா போய்விட்டாள்.

எல்லோரும் போனதும் வெட்கத்தை விட்டுக் கேட்டார். "சீதா, நீ இல்லாம என்னால முடியாது. கிள்ளானுக்குப் போயிடாதே."

"கையொடிஞ்சு கிடக்கிற மனுஷனை விட்டுட்டு நான் ஏன் போறேன்?"

பக்கிரிசாமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படி ஒருத்தியிடமா பொய் சொன்னோம்!

"காலையில நீங்க பூட்ஸைச் சாக்குப் பையில திணிச்சப்பவே கிள்ளானுக்கு ஆள் அனுப்பிட்டேன். அம்மா பெட்டி படுக்கையோட அடுத்த ரயில்ல வராங்க."