வெண்டலைத் தெரியாத கதவு

"கண்களை அகலத் திறக்கவும்" என்றது கதவு, அன்று காலையில் பதினோராவது தடவையாக.

"இதுக்கு மேல திறந்தா கண்ணு கழண்டு கீழ விழும்" என்றார் வெண்டல் ஹோர்வத்.

"அடையாளம் தெரியவில்லை. நன்றி."

அந்த நன்றிதான் அவருக்குப் பொறுக்கவில்லை. தெரியாத ஆளுக்கு எதற்கு நன்றி?

கருவிழியைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் பூட்டுகளை அக்ரன் நகரத்தில் செய்து விற்கிற சின்னக் கம்பெனி அது. பழைய மாடலில், சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பவன் மாதிரி கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு நிற்க வேண்டும். புது மாடலுக்கு அந்த அவஸ்தை கிடையாது. கிட்டே வந்தாலும் சரி, ஆறடி தள்ளி நின்றாலும் சரி, பிடித்துவிடும். துல்லியமும் இரண்டு மடங்கு. மூன்று வருடம் தூக்கம் கெட்டு அதைச் செய்தவர் வெண்டல். கண்ணுக்குக் கீழே தொங்கிய இரண்டு பைகளே சாட்சி.

முதலாளி ரோண்டா கையில் காபியோடு வந்தாள்.

"இன்னுமா திறக்கல? பத்து மணிக்கு ஸ்ட்ரிக்கர் வந்துடுவாங்க."

திருமதி ஸ்ட்ரிக்கர், பதினாறு ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்குகிறவள். மருந்து அறைகளுக்கெல்லாம் பூட்டு வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: ஒரே ஒரு ஆளைப் பதிவுசெய்து, பதிவை அன்றே பூட்டி சீல் வைத்துவிட வேண்டும், ஐந்து வாரம் கழித்தும் மெஷின் அந்த ஆளை மறக்காமல் இருக்க வேண்டும். அந்த ஒரே ஆள் வெண்டல். ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட அது அவரை மதிக்கவில்லை.

"மறுபடி பதிஞ்சுடேன்."

"சீலை உடைச்சா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். மெஷின்ல கோளாறு இல்ல ரோண்டா. என் கண்ணுதான் களைச்சுப் போச்சு."

"உன் கண்ணு களைக்கட்டும், படுக்கட்டும், எனக்கென்ன? இந்தக் கதவு இன்னைக்கு உனக்குத் திறக்கலைன்னா, நாளைக்கு வாசக்கதவும் திறக்காது. சொல்லிட்டேன்."

வெண்டலுக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்த வயதில் வேறு எந்தக் கதவு திறக்கும்?

களைப்புக்கு மருந்தாகச் சொட்டு விட்டுக்கொண்டார். கண் குளமாகிவிட்டது. "கண்ணில் பளபளப்பு அதிகம்" என்றது மெஷின். ஈரத்தைக் காயவைக்க விளக்கைக் கூட்டினார். கூச்சத்தில் இமை மூடிக்கொண்டது. ரோண்டா பார்சல் ஒட்டும் டேப்பைக் கிழித்து இமையை நெற்றியோடு ஒட்டினாள்.

"அசையாத."

"அசைஞ்சா புருவம் உங்க கையோட வந்துடும்."

"அடையாளம் தெரியவில்லை. நன்றி."

மிச்சமிருந்தது ஒரே வழி: பேரம். பதிந்து வைத்த கண்ணும் எதிரே நிற்கிற கண்ணும் எந்த அளவு ஒத்துப்போனால் போதும் என்று மெஷினுக்கு ஒரு கறார் உண்டு. அந்தக் கறாரைச் சீலை உடைக்காமலே மாற்றலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றிருந்ததை வெண்டல் தொண்ணூறாக்கினார். மெஷின் மசியவில்லை. எண்பது. ம்ஹூம். எழுபது. கல். கடையை மூடுகிற நேரத்துத் தக்காளி மாதிரி இறக்கிக்கொண்டே போனார். நாற்பதுக்கு வந்ததும் கதவு திறந்தது.

"வாங்க வெண்டல்!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. டேப் ஒட்டியிருந்ததால் துடைக்கக்கூட முடியவில்லை.

பின்னால் தபால்காரர் கர்ட்டிஸ் வந்தார்.

"வாங்க வெண்டல்!"

"அடேடே, சம்பளமும் இவர் பேர்லயே வருமா?"

"வந்தா நீங்கதான் அழுவீங்க" என்றார் வெண்டல். கறாரை ஏற்ற ஓடினார். அதற்குள் ரோண்டாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வாடிக்கைக்காரர் வரும்போது மட்டும் அவள் சிரிப்பது வழக்கம்.

திருமதி ஸ்ட்ரிக்கர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டாள். டேப்பைப் பார்த்தாள்.

வெண்டல் முன்னால் போய் நின்றார். "வாங்க வெண்டல்!" கதவு திறந்தது. ரோண்டா கைதட்டினாள்.

"அருமை" என்றாள் திருமதி ஸ்ட்ரிக்கர். "நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"எதுக்குங்க சிரமம்?" என்றார் வெண்டல்.

"என்ன சிரமம்? கண்ணைத் திறந்துட்டு நிக்கணும், அவ்வளவுதானே."

"வாங்க வெண்டல்!"

அவளோடு வந்த வக்கீலும் வெண்டல் ஆனார். பதற்றத்தில் குறுக்கே வந்த ரோண்டாவும் ஆனாள்.

"மருந்தறைக்குப் பூட்டு கேட்டேன்" என்றாள் திருமதி ஸ்ட்ரிக்கர், கோட்டுப் பொத்தானைப் போட்டபடி. "நீங்க கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற ஆளைக் காட்டுறீங்க."

கார் கிளம்பிப் போனது. ரோண்டா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அதைக் கழட்டிக் குப்பையில போடு வெண்டல். அப்புறம் உன் மேஜையைக் காலி பண்ணு."

ஸ்க்ரூடிரைவரோடு அவர் போனபோது, துப்புரவு செய்யும் பெர்னிஸ் மெஷினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்க பெர்னிஸ். உதவாத சாமான், கழட்டணும்."

"இதுவா உதவாதது? நல்லா சொன்ன போ, ராசா! மாட்டின அன்னைக்கு நீ அந்தப் பக்கம் என்னமோ தட்டிட்டு எந்திரிச்சு வர்றதுக்குள்ள, 'அசையாமல் பார்க்கவும், பதிவாகிறது'ன்னுச்சு. துடைச்சிட்டிருந்த நானும் ஒரு மரியாதைக்கு அப்படியே நின்னேன். அன்னையிலேருந்து அஞ்சு வாரமா, நான் துணியோட வந்து நின்னா ஒரு நாள் தப்பாம கதவைத் திறக்குது. என்ன, என்னை வெண்டல்னு கூப்பிடுது, அது ஒண்ணுதான் குறை."