டீ குடிக்க இறங்கிய எஃப்.எம். ஸ்டேஷன்

கார் குணசேகரனுடையது. பெட்ரோல் அவர் போடுவது. டயர் பஞ்சரானால் சட்டையைக் கழற்றிவிட்டு ரோட்டில் மண்டி போடுவதும் அவர்தான். ஆனால் காருக்குள் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பதை மட்டும் அவர் மனைவி பிரகதீஸ்வரி முடிவு செய்வாள். இது எந்த ஊர் நியாயம் என்று ஆலங்குடியில் தன் உரக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் குணசேகரன் கேட்டுப் பார்த்தார். யூரியா வாங்க வந்தவர்கள் யூரியாவை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அது நாலு கை மாறி வந்த கார். பின்கதவை இரண்டு தடவை சாத்தினால்தான் மூடும். பாட்டுக்கென்று ஒரு ரேடியோவும், சி.டி. போடுவதற்கு ஒரு பொந்தும் இருந்தன. அந்தப் பொந்து காரின் பழைய சொந்தக்காரருடைய சி.டி. ஒன்றை விழுங்கிவிட்டு அதோடு வாயை மூடிக்கொண்டது. அதனால் பிரகதீஸ்வரி போனை மடியில் வைத்துச் சத்தத்தைக் கூட்டி, ஆன்மிகச் சொற்பொழிவையும் கத்தரிக்காய்த் தொக்கு செய்முறையையும் மாற்றி மாற்றிப் போடுவாள். முக்திக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடுகு வெடிக்கும்.

குணசேகரனுக்குப் பிடித்தது பழைய சோகப் பாட்டு. காதலி போய்விட வேண்டும், காதலன் குடிக்க வேண்டும், பின்னால் ஷெனாய் அழ வேண்டும். அதைக் கேட்டால்தான் அவருக்கு மனசு சந்தோஷமாக இருக்கும். ஒரு தடவை தன் போனில் போட்டும் பார்த்தார்.

"எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு, நிப்பாட்டுங்க" என்றாள் பிரகதீஸ்வரி.

"வண்டி ஓட்டுறவன் நான். எனக்குப் பிடிச்சதத்தான் போடணும்."

"அப்ப எனக்கு ஓட்டக் கத்துக் குடுங்க. நான் ஓட்டுறேன், எனக்குப் பிடிச்சதப் போடுறேன்."

"இது பழைய வண்டி. என் கைக்கு மட்டுந்தான் அடங்கும்."

"ஒங்க கைக்கு எதுங்க அடங்கிருக்கு?"

இந்த ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பேச்சை அவள் வாராவாரம் எடுப்பாள். குணசேகரன் வாராவாரம் மறுப்பார். ஸ்டீயரிங்கும் போய்விட்டால் இந்தக் காரில் தனக்கு மிஞ்சுவது பஞ்சர் மட்டும்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளாக அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஒருவழியாக அடங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் நிம்மதியாக இருந்தார்.

பாட்டுக்கு வழி புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு மொபைல் கடையில் கிடைத்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு சாமானை எடுத்துக் காட்டினார் கடைக்காரர்.

"சிகரெட் லைட்டர் ஓட்டைல இதச் சொருகுங்க சார். போன்ல பாட்டப் போட்டா இது வயரில்லாம புளூடூத்ல வாங்கி ரேடியோவுக்கு அனுப்பும். ரேடியோல எண்பத்தேழரைய வச்சீங்கன்னா பாட்டு வரும். குட்டி ரேடியோ ஸ்டேஷன்னு வச்சுக்கங்களேன்."

"எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

"ஒங்க காருக்குள்ள கேக்கும். அது போதாதா?"

போதும். ஸ்டேஷன் என்ற அந்த ஒரு சொல்லிலேயே குணசேகரனுக்கு மூளை பற்றிக்கொண்டது. பிரகதீஸ்வரி அவரிடம் சண்டை போடுவாள், கண்டக்டரிடம் போடுவாள், கோயிலில் அர்ச்சனைத் தட்டை மாற்றிக் கொடுத்தால் குருக்களிடமே போடுவாள். ஆனால் ரேடியோவிடம் மட்டும் போட மாட்டாள். ரேடியோவைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைத்த அப்பாவுக்குப் பிறந்தவள். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவாள்.

அந்தச் சாமானைச் சொருகி, மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்தார். சிம் இல்லாத பழைய போன் ஒன்றில் பாட்டுகளை ஏற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் இருவரும் புதுக்கோட்டைக்குக் கிளம்பினார்கள்.

"என்னங்க, ரேடியோ பாடுது?"

"புது ஸ்டேஷன். பழைய பாட்டு மட்டும் போடுறாங்களாம்."

"நீங்க போடுற பாட்டாவே இருக்கு."

"நல்ல பாட்டுன்னா நாலு பேருக்குப் பிடிக்கத்தான செய்யும்."

மூன்றாவது ஷெனாய் அழுது முடித்ததும் அவள் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "ஒரே ஒப்பாரியா இருக்கு. மாத்துங்க."

"ஸ்டேஷன்காரன் போடுறான். நான் என்ன பண்றது?"

பிரகதீஸ்வரி பேசாமல் போனை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். குணசேகரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் பழி அவர் ஒருவர் தலையில்தான் விழும். முதல் தடவையாக அதைத் தூக்கி வைக்க இன்னொரு தலை கிடைத்திருக்கிறது.

வீடு திரும்பும்போது அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். "ஏங்க, இந்த ஸ்டேஷன்ல பேசவே ஆளில்லையா?"

நியாயமான கேள்வி. குணசேகரன் ராக்கனைப் போய்ப் பார்த்தார். ராக்கன் ஆலங்குடியில் மைக் செட் வைத்திருப்பவன். ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் அறிவிப்புச் செய்வான். கண்ணீர் அஞ்சலியானாலும் ஆடித் தள்ளுபடியானாலும் அந்தக் கனத்த குரலில் ஒரே மரியாதைதான். மைக்கைப் பிடித்துவிட்டால் அவன் பேச்சும் ஊர்ப் பேச்சாக இருக்காது, ஏட்டுத் தமிழாகிவிடும். யார் பேசுவது என்று சொந்தக்காரர்களுக்கே தெரியாது.

ராக்கன் பேசிக் கொடுத்தான். அடுத்த பயணத்தில் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஸ்டேஷன் வாய் திறந்தது. "நேயர்களே, ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஞாயிறுதோறும் நாட்டுக்கோழிக் குழம்பு அவசியம் என்று நிபுணர்கள் தெரிவிக்கிறார்கள்."

அந்த ஞாயிறு நாட்டுக்கோழி வந்தது. அடுத்த வாரம், சாப்பிட்டு முடித்த கணவரைக் கடைக்குப் போய்வரச் சொல்வது அவருடைய இதயத்துக்கு நல்லதல்ல என்று நிபுணர்கள் தெரிவித்தார்கள். குணசேகரன் மதியம் முழுக்கத் தூங்கினார். அதற்கடுத்த வாரம் கேசரி. நிபுணர்கள் நெய்யின் அளவைக்கூடச் சொல்லியிருந்தார்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். யார் நிறுத்துகிறார்கள்? கார் ஓட்டும் பேச்சை அவள் மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று அதற்கும் ஒரு செய்தி பதிவு செய்யச் சொன்னார். "பழைய கார்களைப் பெண்கள் ஓட்டினால் கியர் பாக்ஸ் வெடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்."

இது வந்தபோது பிரகதீஸ்வரி ரேடியோவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அப்படியா" என்றாள்.

திருவரங்குளத்தில் வண்டியை ஓரங்கட்டி, பாட்டு ஓடட்டும் என்று சாவியை அப்படியே விட்டு, குணசேகரன் டீ குடிக்க இறங்கினார். பிரகதீஸ்வரிக்குக் கடை டீ பிடிக்காது, காரிலேயே இருந்தாள். அவர் ரோட்டைத் தாண்டிப் போய் ஆற அமரக் குடித்துவிட்டு வந்தார்.

"ஏங்க, நீங்க அங்கிட்டுப் போனதும் பாட்டு நின்னுருச்சு."

போன் குணசேகரனின் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் டீக்கடைக்குப் போனால் ஸ்டேஷனும் கூடவே போகும் என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

"கோயில் கோபுரம் மறைக்குதுல்ல, அதான் சிக்னல் விட்டுப்போயிருக்கும்."

"இப்ப வருதே?"

"காத்து இங்கிட்டுத் திரும்பிருக்கும்."

"ஓகோ" என்றாள் பிரகதீஸ்வரி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, இவளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது என்று குணசேகரன் பெருமூச்சு விட்டார்.

அடுத்த வாரம் பிரகதீஸ்வரியின் அண்ணன் முத்துராமன் குவைத்திலிருந்து லீவில் வந்தார். இருவரும் போய்ப் புதுக்கோட்டையில் அவரை ஏற்றிக்கொண்டு ஆலங்குடிக்குத் திரும்பினார்கள். முத்துராமன் பின்சீட்டில் ஏறிக் கதவை இரண்டு தடவை சாத்தினார். மச்சான் முன்னால் குணசேகரனுக்கு எப்போதும் கொஞ்சம் கௌரவம் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் சோகப் பாட்டைக் கொஞ்சம் மெதுவாகவே வைத்திருந்தார். திருவரங்குளம் நெருங்கியது. பாட்டு முடிந்தது. ராக்கன் வந்தான்.

"நேயர்களே, முதலில் ஒரு திருத்தம். பெண்கள் ஓட்டினால் கியர் பாக்ஸ் வெடிக்கும் என்று சென்ற வாரம் நாம் சொன்னது முழுப் பொய். நிபுணர்கள் வருந்துகிறார்கள்."

இதைக் குணசேகரன் பேசச் சொல்லவில்லையே. கை தானாக ரேடியோவுக்குப் போனது.

"இந்த வாரத்தின் சிறந்த கணவர் ஆலங்குடி உரக்கடை திரு. குணசேகரன் அவர்கள்."

"இருங்க மாப்ள, ஒங்க பேரு வருது, அமத்திராதீங்க" என்று முத்துராமன் முன்னால் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரு. குணசேகரன் தமது காரை இனிமேல் தம் மனைவியே ஓட்டட்டும் என்று மனமுவந்து அறிவித்திருக்கிறார். இன்று திருவரங்குளத்தில் சாவியை அவரே ஒப்படைப்பார். மேலும், ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்குக் கேசரி ஆகாது. கேழ்வரகுக் கஞ்சி போதும் என்று நிபுணர்கள் தெரிவிக்கிறார்கள்."

முத்துராமனுக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. "ரேடியோல சொல்ற அளவுக்கா மாப்ள? இந்தப் பக்கத்துல எவனுக்கு இந்த மனசு வரும்?"

"மச்சான், அது... அப்படியெல்லாம் நான் சொல்லல மச்சான்."

"அடக்கத்தப் பாரு. ரேடியோ பொய் சொல்லுமா?"

சொல்லும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அது என் ஸ்டேஷன், நிபுணரும் நான்தான், கோழி தின்றதும் நான்தான் என்று மச்சானிடம் எந்த வாயால் சொல்வது? சொந்தக் காசில் வாங்கிய ஸ்டேஷன், சொந்தக் காரில் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரனுக்கே துரோகம் செய்கிறது. குணசேகரன் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"ஸ்டேஷன்காரன் சொல்றான். நான் என்ன பண்றது?" என்றாள் பிரகதீஸ்வரி.

வண்டி திருவரங்குளத்தில் நின்றது. குணசேகரன் தன் கடைசித் துருப்பை வீசினார். "ஓட்டட்டும் மச்சான், நான் வேணாங்கல. லைசென்ஸ் வேணும்ல? போலீஸ் பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

பிரகதீஸ்வரி கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். "இவுகதான் கத்துக் குடுக்கலையே. இவுக கடைக்குப் போனதும் ட்ரைவிங் ஸ்கூல் வண்டி வாசலுக்கு வந்துரும்ணே. நான் கோயிலுக்குப் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாக."

குணசேகரன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்த பிரகதீஸ்வரி, போகிற போக்கில் அவர் சட்டைப் பையிலிருந்து பழைய போனை எடுத்தாள். "வேர்வைல நனைஞ்சிரப் போகுது" என்றாள். மச்சான் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

டீக்கடைக்குப் போய் நின்று முதல் வேலையாக ராக்கனுக்குப் போன் போட்டார்.

"டேய், என்னடா பேசி வச்சிருக்க?"

"அண்ணி வந்தாங்கண்ணே. ஒங்க சட்டையத் துவைக்கப் போட்டப்ப பழைய போனு கெடச்சுதாம், அதுல நான் பேசுனதுக்கெல்லாம் என் பேரையே போட்டு வச்சிருந்தீங்களாமே. அதக் கையோட கொண்டாந்துட்டாங்க. நாந்தான் பேசி ஏத்திக் குடுத்தேன்."

"நீ என் ஆளு இல்லையாடா?"

"மைக் பிடிக்கிறவனுக்கு ஏதுண்ணே ஆளு? எலக்‌ஷன் வந்தா காலைல ஒரு கட்சிக்குப் பேசுறேன், சாயங்காலம் இன்னொரு கட்சிக்குப் பேசுறேன். ரெண்டு பேரும் கைதட்டத்தான செய்றாங்க."

"அவளுக்கு எப்படிடா தெரிஞ்சுச்சு?"

"நீங்க டீ குடிக்க எறங்குனா ஸ்டேஷனும் கூட எறங்கிருதாமே. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்கண்ணே. பொறவு கோபுரம் மறைக்குதுன்னு வேற சொன்னீங்களாம்."

குணசேகரன் டீ கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் இங்கே நிற்கிறார். கோபுரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. சோகப் பாட்டும் இல்லை. நல்ல குத்துப் பாட்டு, முத்துராமன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளாஸை வைத்துவிட்டு விறைப்பாக ரோட்டைத் தாண்டி வந்தார். ஸ்டீயரிங் போனால் போகட்டும், முன்சீட்டிலாவது உட்கார்ந்து ரேடியோ பக்கத்தில் இருந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்தால் அங்கே முத்துராமன் மாறி உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி ஓட்டுறதப் பக்கத்துல இருந்து பாக்கணும்ல. நீங்க பின்னாடி ஏறுங்க மாப்ள."

குணசேகரன் பின்னால் ஏறினார். இருந்த ஆத்திரத்தையெல்லாம் கையில் திரட்டிக் கதவை ஓங்கிச் சாத்தினார். பிரகதீஸ்வரி கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மடியில் இருந்த பழைய போனில் விரலை வைத்தாள். பாட்டு நின்றது. காருக்குள் ராக்கனின் கனத்த குரல் மரியாதையாக ஒலித்தது.

"பின்சீட்டில் அமர்ந்திருக்கும் நேயர் திரு. குணசேகரன் அவர்களே, அந்தக் கதவை இன்னொரு தடவை சாத்தவும்."