மாத்திரைக்குள் மாவு

மன்டாவே நகரத்தில் அந்த மாதம் சோறு தின்றவன் பாவி. ஞாயிறு பூசை முடிந்ததும், சோற்றை விடச் சொல்லும் கூட்டத்துக்காகச் சனம் நேராகக் கூடைப்பந்து மைதானத்துக்கு ஓடியது. தகரக் கூரைக்கு அடியில் கால் வைக்க இடமில்லை. பாதிரியாருக்கே வயிறு எரிந்திருக்கும்.

மேடையில், உடம்பு இளைக்க வழி சொல்லும் கோச் ஆர்னெல், வெள்ளைக் கோட்டோடு. டாக்டரா? அதெல்லாம் இல்லை. போன வருடம் வரை பழைய மோட்டார் சைக்கிள் விற்றவர். கோட்டுக்கு அது தெரியாதே.

முன்வரிசையில் ரொமுலோ. கப்பலில் சமையல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். இதயக் குழாய் அடைத்து, உள்ளே ஸ்டென்ட் வைத்து, எமனிடமிருந்து திரும்பி வந்தவன். சோற்றைக் குறைத்தால் நல்லதுதான், ஆனால் கொழுப்பு மாத்திரையை விட்டுவிடாதே, அவ்வப்போது ரத்தம் சோதிக்க வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரொமுலோ சோற்றை விட்டான். தொப்பை இறங்கியது. அது உண்மை. அந்த உண்மையின் முதுகில் ஏறித்தான் பொய் சவாரி வந்தது.

"மாத்திரையை உடையாம கெட்டியாப் புடிச்சு வச்சிருக்கிறது எது? மாவு," என்று இரண்டு வாரம் முன்பு இதே மேடையில் சொன்னார் கோச். "சோத்தை விட்டுட்டீங்க. ராத்திரியானா மாவை முழுங்குறீங்க."

கூட்டம் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டது. ஓர் எறும்புக்குக் காலைப் பலகாரத்துக்குக் காணாத மாவு! அதற்குப் பயந்து ரொமுலோ மாத்திரையை நிறுத்தினான். பதிலுக்குக் கோச் விற்ற 'குழாய் சுத்தி' எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விழுங்கினான். பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்த மனைவி நெனித்தா வீட்டில் சண்டை போட்டாள், அழுதாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்தாள். வந்து கண்ணால் பார், அப்புறம் பேசு என்று சொல்லிவிட்டான். பார்க்கத்தான் இன்று வந்திருந்தாள்.

இன்று கோச் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் கப்பை உயர்த்திக் காட்டினார். அதில் எண்ணெயை ஊற்றினார். கப்பின் அடி சுருங்கியது, இளகியது, பொத்துக்கொண்டு போயிற்று.

"உங்க ரத்தக் குழாயில இருக்கிற கொழுப்பும் இப்படித்தான் கரையும்."

கைதட்டலில் தகரம் அதிர்ந்தது. ரொமுலோ நெஞ்சைத் தடவிக்கொண்டான். உள்ளே குழாய் திறப்பதே கேட்டதாம் அவனுக்கு.

நெனித்தா எழுந்தாள். ஓரத்து மேசையில் விருந்துக்காக முழுசாகச் சுட்ட பன்றி படுத்திருந்தது. அதன் வயிற்றிலிருந்து ஒரு துண்டு கொழுப்பை அரிந்து, தட்டில் வைத்து மேடைக்குக் கொண்டுபோனாள்.

"கப்பு கொழுப்பு இல்லையே கோச். கொழுப்பு இந்தா இருக்கு. இதுல ஊத்துங்க."

கோச் சிரித்து மழுப்பினார். கூட்டம் விடவில்லை. நம்பிக்கை அவ்வளவு! ஊற்றுங்கள், இந்த அம்மாவின் வாயை அடையுங்கள் என்று அவர்களே நெருக்கினார்கள். ஊற்றினார். காத்திருந்தார்கள். பன்றிக் கொழுப்பு எண்ணெய்க் குளியல் முடித்த மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. ஓர் ஓரம்கூடக் கரையவில்லை.

"உடம்புச் சூடு இருந்தாத்தான் கரையும்," என்றார் கோச்.

"அப்ப கப்பு எந்தச் சூட்டுல கரைஞ்சுது?"

நெனித்தா கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்து இன்னொரு கப்பில் ஊற்றினாள். அதுவும் பொத்துக்கொண்டது.

"போன கிறிஸ்துமஸ்ல தெர்மோகோல் சாப்பாட்டு டப்பா மேல இதைக் கொட்டித் தொலைச்சேன். இப்படித்தான் ஓட்டை விழுந்துச்சு. அதுக்காக எம் புருஷனுக்கு இதையா குடிக்கக் குடுத்தேன்?"

கோச்சுக்குத் திடீரென்று போன் வந்தது. மணி அடித்தது மட்டும் யார் காதிலும் விழவில்லை. பேசிக்கொண்டே பின்வாசலுக்குப் போனார். மோட்டார் சைக்கிள் உறுமும் சத்தம் கேட்டது.

நெனித்தா ரொமுலோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"சோறு வேணாம்னா திங்காத. நீ இளைச்சது எனக்கும் சந்தோஷம்தான். மாத்திரையை மட்டும் போடு, ரொமுலோ. தனியா உக்காந்து சாப்பிட எனக்குத் தெரியாது."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினான். இரவு வேளைக்கான மாத்திரை அந்த உள்ளங்கையில் விழுந்தது. சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். நாளைக்கே டாக்டரம்மாவிடம் போகலாம் என்று முணுமுணுத்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எட்டி நெனித்தாவின் தோளைத் தொட்டாள்.

"ஏம்மா, அந்த நகப்பூச்சுத் தண்ணி, ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு?"

எத்தனை சொட்டு என்று கேட்கத் தெரிந்த வாய்க்கு, ஏன் என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? கேட்டுப் பழகுங்கள், ஐயா. அந்தக் கேள்விக்கு எந்தச் சாப்பாட்டோடும் பத்தியம் கிடையாது.